அரசன்காலாளின் முதல் நகர்வு: அண்மைக்கால மாற்றங்களும் அவற்றின் வரலாற்றுப் பின்னணியும்

சதுரங்கப் பலகையில் முதலிற் காய் நகர்த்தும் வெள்ளையாளருக்கு இருபது வகையான நகர்வுகள் உள. அவற்றுள் அரசனுக்கு முன்னே நிற்கும் காலாளை இரண்டு கட்டம் முன்னேற்றுவது பழைமையாலும் பரவலாலும் தனிச்சிறப்புப் பெற்றதாகும். இவ்வொரு நகர்வினாலேயே பலகையின் நடுப்பகுதியில் வெள்ளையாளருக்குப் பிடிமானம் கிடைக்கின்றது. அரசிக்கும், அரசன் பக்கத்து மந்திரிக்கும் வழியும் திறக்கின்றது. கறுப்பாளர் தம் அரசன்காலாளையும் அவ்வாறே முன்னேற்றினால் அது திறந்த ஆட்டம் எனப்படும். சிசிலியத் தடுப்பு, பிரெஞ்சுத் தடுப்பு, கறோ - கான் தடுப்பு என்பன கறுப்பாளருக்குள்ள ஏனைய முக்கிய மறுமொழிகளாம். மூலைவிட்டமாகச் செல்லுங் காயை மந்திரி என்றும், பலகையின் மூலையில் நின்று நேர்கோட்டிற் செல்லுங் காயைக் கோட்டை என்றும் இக்கட்டுரை வழங்குகின்றது.

நாலரை நூற்றாண்டுகளாக ஆராயப்பட்டுவந்த இத்தொடக்கமுறை, 2000ஆம் ஆண்டின் பின்னர் எவரும் எதிர்பாராத மாற்றங்களுக்கு உட்பட்டுள்ளது. முதலில் நகர்த்துபவருக்கு உண்டு என்று நம்பப்பட்ட மேம்பாடு உண்மையில் உண்டா என்ற ஐயமே இம்மாற்றங்களின் அடிநாதமாகும். ஆயினும் இவற்றை வெறும் ஆட்ட நுணுக்கங்களாக மாத்திரம் கொள்ளுதல் பொருந்தாது. ஓர் அறிவு யாரிடம் தேங்கி நிற்கின்றது, எவ்வாறு பிறரிடம் பரவுகின்றது, பரவியபின் அதன் பெறுமதி யாதாகின்றது என்னும் வினாக்களும் இவற்றுள் அடங்கியுள்ளன. தமிழ் நிலத்து ஆட்டக்காரர் இவ்வரலாற்றில் நடுநாயகமான இடத்தைப் பெற்றிருப்பதால் இவ்வினாக்கள் நமக்கு அந்நியமானவையும் அல்ல.

இரு விதிமரபுகள்

யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையின் பெயரால் அமைந்த சதுரங்கம் இந்தியாவிலே தோன்றிப் பாரசீகத்தின் வழியாக அராபியரை அடைந்து, அவர்களிடமிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. அங்கு 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதன் விதிகள் பெரிதும் மாறின. அரசனருகே ஒவ்வொரு கட்டமாக நகர்ந்த துணைக்காய், பலகை முழுவதையும் ஆளும் அரசியாயிற்று. மந்திரியும் நெடுந்தூரம் செல்லும் வலிமை பெற்றது. காலாள் தன் முதல் நகர்விலே இரண்டு கட்டம் செல்லலாம் என்பதும் நிலைபெற்றது. ஆட்டம் விரைவுற்றது, முதற் சில நகர்வுகளிலேயே வெற்றி தோல்விக்கு வித்திடும் நிலை உண்டாயிற்று. தொடக்கமுறை என்னும் தனி ஆய்வுத்துறை தோன்றியதற்குக் காரணம் இதுவேயாகும்.

ஸ்பானிய மதகுருவாகிய ரூய் லோபெஸ் 1561ஆம் ஆண்டு சதுரங்கம் பற்றிய தமது நூலை வெளியிட்டார். அரசன்காலாளை இரு திறத்தாரும் முன்னேற்றியபின் இருவரும் ஒவ்வொரு குதிரையை வெளிக்கொணர, வெள்ளையாளர் தம் மந்திரியால் எதிரியின் குதிரையை நெருக்கும் முறை அவர் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. ஸ்பானியத் தொடக்கம் என்பதும் அதுவே. அந்நூல் வெளிவருவதற்கு முந்திய ஆண்டாகிய 1560இல், போத்துக்கேய அரசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சாவின் படை யாழ்ப்பாண அரசின் தலைநகராகிய நல்லூரினுள் நுழைந்தது. 1619இல் அவ்வரசு முற்றாக வீழ்ந்தது. அதனையொட்டிய ஆண்டுகளிலேயே இத்தாலியரான கிறெக்கோ, அரசன்காலாள் ஆட்டங்களின் தாக்குதல் வழிகளைக் கையெழுத்துப் பிரதிகளாக எழுதிப் புரவலர்களுக்கு வழங்கிக்கொண்டிருந்தார். ஐபீரியக் குடாநாட்டிலிருந்து கப்பல்கள் நல்லூரை நோக்கிப் புறப்பட்ட அதே தலைமுறையில், அக்குடாநாட்டிலேதான் கீழைத்தேயத்தின் பழைய ஆட்டமொன்று புதிய விதிகளுடன் நூல்வடிவம் பெற்றது. வாணிகமும் ஆட்சியும் அச்சும் ஒருசேர விரிந்த காலம் அது.

இந்தியாவிலோ பழைய மரபு நெடுங்காலம் நிலைத்தது. அங்குக் காலாள் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும். ஆகவே, ஐரோப்பியர் தம் ஆட்டத்தின் நுழைவாயிலாகக் கருதிய அந்த இரண்டு கட்டப் பாய்ச்சல் இந்திய மரபிலே இல்லாத ஒன்றாகும். இரு மரபுகளையும் இணைக்கும் முயற்சிகளும் நிகழாமலில்லை. திருவேங்கடாசாரிய சாஸ்திரி சமஸ்கிருதத்தில் இயற்றிய சதுரங்க நிலைகள் பற்றிய நூல், ஐரோப்பிய ஆட்டமுறைக்கு இயையுமாறு ஆங்கிலத்தில் ஆக்கப்பெற்று 1814ஆம் ஆண்டு பம்பாயில் வெளியாயிற்று. கல்கத்தாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஸ்கொத்லாந்தியரான ஜோன் கொக்ரேனும் வங்காளத்தவரான மொகேச்சந்திர பானர்ஜியும் நூற்றுக்கணக்கான ஆட்டங்களை ஆடினர். 1848இல் பானர்ஜி ரஷ்யத் தடுப்பைக் கையாண்டபோது, கொக்ரேன் இரண்டு காலாட்களுக்காகத் தமது குதிரையையே பலிகொடுத்து எதிரியின் அரசனை வெளியே இழுத்தார். கொக்ரேன் பலியீடு எனப்படும் அம்முறை கல்கத்தாவிலே தோன்றிய அரசன்காலாள் தொடக்கமாகும். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1999இல் லினாரெஸ் போட்டியில் தொப்பலோவ் அதனைக் கிறாம்னிக்கிற்கு எதிராக ஆடிச் சமநிலை கண்டார் என்பது நோக்கற்பாலது.

இந்திய விதிகளிற் பயின்று வளர்ந்த பஞ்சாபியரான மிர் சுல்தான் கான் 1929, 1932, 1933ஆம் ஆண்டுகளில் பிரித்தானியச் சாம்பியனானார். தொடக்கமுறை நூல்களின் துணையின்றியே அவர் கப்பபிளாங்காவையும் வென்றார். ஏட்டறிவு இன்மை ஒரு குறை என்பதையும், அது வெல்லமுடியாத குறையன்று என்பதையும் அவர் வாழ்வு ஒருங்கே காட்டுகின்றது.

ஏட்டறிவின் காலம்

இரண்டாம் உலகப்போரின் பின்னர்த் தொடக்கமுறை ஆய்வு சோவியத் நாட்டிலே ஓர் அறிவியல் ஒழுங்கினைப் பெற்றது. 1966ஆம் ஆண்டுமுதல் பெல்கிரேட்டிலிருந்து வெளிவந்த சதுரங்கத் தகவல் ஏடு, தேர்ந்த ஆட்டங்களை எம்மொழியினரும் விளங்கத்தக்க குறியீடுகளால் விளக்கியது. அதே நகரிலிருந்து தொடக்கமுறைகளின் கலைக்களஞ்சியம் 1974ஆம் ஆண்டு தொட்டு வெளிவரலாயிற்று. அனைத்துத் தொடக்கங்களையும் ஐந்நூறு குறியீட்டெண்களாக வகுத்த அக்களஞ்சியம், அவற்றுள் இருநூறினை அரசன்காலாள் ஆட்டங்களுக்கு ஒதுக்கியது. ஸ்பானியத் தொடக்கம் மாத்திரமே நாற்பது எண்களைப் பெற்றது.

அக்காலத்தில் அறிவு நூல்களிலே இருந்தது. நூல்களைப் பெறமுடிந்தவனே அறிவைப் பெற்றான். இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டராக 1961இல் உயர்ந்த மனுவேல் ஆரோன், 1972இல் சென்னையில் சோவியத் கலாசார நிலையத்தின் சார்பில் மிகையில் தால் பெயரிலான சதுரங்கக் கழகத்தைத் தொடங்கினார். நூல்களும் ஏடுகளும் அனுபவமிக்க ஆட்டக்காரரும் ஓரிடத்திற் கூடிய அக்கழகத்திலேதான் சிறுவனான விசுவநாதன் ஆனந்த் பயின்றார். அவர் 1987இல் உலக இளையோர் சாம்பியனாகவும், 1988இல் இந்தியாவின் முதலாவது கிராண்ட்மாஸ்டராகவும் ஆனார். பாக்குநீரிணையின் இப்பாலோ வரலாறு வேறு வழியிற் சென்றது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. அறிவு அச்சேட்டிலேயே குடியிருந்த ஒரு காலத்தில் ஒரு சமூகம் தன் நூல்களை இழப்பதன் பொருள் யாதென்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆனந்த் இளமை முதலே அரசன்காலாள் ஆட்டத்தையே தமது முதன்மை ஆயுதமாகக் கொண்டவர். 1995இல் நியூயோர்க்கில் அவர் கஸ்பரோவுடன் உலகப் பட்டத்துக்காக மோதினார். முதல் எட்டு ஆட்டங்கள் சமநிலையில் முடிய, ஒன்பதாவதில் ஆனந்த் வென்றார். பத்தாவது ஆட்டத்தில் கஸ்பரோவ் திறந்த ஸ்பானிய முறையில், வீட்டிலே ஆய்ந்து வைத்திருந்த ஒரு மந்திரி நகர்வை வெளிப்படுத்தித் தமது கோட்டையொன்றையே கைவிட்டுத் தாக்கி வென்றார். இறுதியில் 10½ - 7½ என்னும் கணக்கில் ஆனந்த் தோல்வியுற்றார். பலகைக்கு முன் அமருமுன்னரே ஆட்டத்தின் ஒரு பகுதி முடிவுசெய்யப்படலாம் என்பதற்கு அப்பத்தாவது ஆட்டம் சான்றாயிற்று.

அப்படை வலிமை விரைவில் இயந்திரத்தின் கைக்கு மாறியது. 1997 மே மாதத்தில் டீப் புளூ என்னும் கணினி கஸ்பரோவை 3½ - 2½ என வென்றது. கறோ - கான் தடுப்பில் அமைந்த இறுதி ஆட்டம் பத்தொன்பது நகர்வுகளில் முடிந்தது. அதிலே தீர்ப்பாக அமைந்த குதிரைப் பலியீடு, மனிதர் முன்கூட்டியே கணினியின் தொடக்கமுறைத் தொகுப்பில் இட்டுவைத்த நகர்வாகும்.

பேர்லின் மதில்

2000ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற உலகப் பட்டப் போட்டியே அண்மைக்கால மாற்றத்தின் தொடக்கம் எனலாம். அரசன்காலாள் ஆட்டத்தில் ஒப்பாரற்றவராக விளங்கிய கஸ்பரோவுக்கு எதிராகக் கிறாம்னிக், 19ஆம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தும் பெரிதும் கைவிடப்பட்டிருந்த பேர்லின் தடுப்பை எடுத்தாண்டார். அம்முறையில் எட்டாவது நகர்விலேயே இரு அரசிகளும் பலகையை விட்டு நீங்குகின்றன. கறுப்பரசன் நடுப்பலகையிலே நின்று, அரணுக்குள் மாறும் உரிமையை இழக்கின்றது; கறுப்பின் காலாட்கள் இரட்டிப்பாகிக் குலைகின்றன. ஏனைய காய்கள் அனைத்தும் மாற்றப்பட்டுக் காலாட்கள் மாத்திரமே எஞ்சுமாயின் வெற்றி வெள்ளைக்கே. ஆயினும், கறுப்பாளரிடம் இரு மந்திரிகளும் உள. வெள்ளையின் தாக்குதலுக்கு வேண்டிய அரசியோ இல்லை. வடிவில் இழிந்ததாய்த் தோன்றும் அந்நிலை, உடைக்கவொண்ணா உறுதி வாய்ந்தது என்பதைக் கிறாம்னிக் உணர்ந்திருந்தார்.

நான்கு ஆட்டங்களில் இத்தடுப்பு ஆடப்பட்டது, நான்கும் சமநிலையாயின. ஓர் ஆட்டத்திலேனும் வெல்ல இயலாத கஸ்பரோவ் 8½ - 6½ எனப் பட்டத்தை இழந்தார். மதில் என்னும் பெயர் அத்தடுப்புக்கு வழங்கலாயிற்று.

இதன் விளைவுகள் ஆழமானவை. மெக்சிக்கோவில் 2007இல் உலக சாம்பியனான ஆனந்த், 2008இல் பொன் நகரில் கிறாம்னிக்கைச் சந்தித்தபோது, வாழ்நாள் முழுவதும் நம்பியிருந்த அரசன்காலாளை ஒதுக்கிவைத்து அரசிக்காலாளை முன்னேற்றினார். வெள்ளைக் காய்களுடன் ஆடிய ஆறு ஆட்டங்களுள் இறுதியானதிலே மாத்திரமே அவர் தம் பழைய நகர்வுக்கு மீண்டார். அப்போட்டியை அவர் 6½ - 4½ என வென்றார். 1972இல் பொபி பிஷரும் ஸ்பஸ்கிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் தமது வழமையான அரசன்காலாளைத் துறந்து வேறு தொடக்கத்தை நாடியமை ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. தாம் மிகவும் நன்கறிந்ததைக் கைவிடும் துணிவும் அறிவின் ஒரு கூறேயாகும்.

2013 நவம்பரில் சென்னையிலே, தம் சொந்த மக்கள் முன்னிலையில், ஆனந்த் நோர்வேயின் மக்னஸ் கார்ல்சனை எதிர்கொண்டபோது அதே மதில் அவர் குறுக்கே நின்றது. நான்காவது ஆட்டம் அறுபத்துநான்கு நகர்வுகளின் பின்னர்ச் சமநிலையாயிற்று. ஆறாவதில் ஆனந்த் அரசிகளை மாற்றும் வழியைத் தவிர்த்து, அரசிக்காலாளை ஒரு கட்டம் மாத்திரம் நகர்த்தும் அமைதியான முறையைத் தேர்ந்தார். தொடக்கத்தில் அவருக்கு ஏதும் குறை நேரவில்லை. ஆயின் கோட்டைகள் எஞ்சிய முடிவாட்டத்திலே தோற்றார். அப்போட்டியும் 6½ - 3½ எனக் கார்ல்சனுக்கே சென்றது. அடுத்த ஆண்டு சோச்சியில் ஆனந்தே கறுப்புக் காய்களுடன் பேர்லின் தடுப்பை ஆடினார். தீர்ப்பாக அமைந்த பதினோராவது ஆட்டம் அத்தடுப்பிலேயே தோல்வியாயிற்று. மதில் உறுதியானதேயாயினும் அதனைக் காப்பவன் ஒரு கணம் அயர்ந்தால் அது பயன்படாது.

இத்தாலியத்தின் மீள்வரவும் கணினியின் தீர்ப்பும்

பேர்லின் மதிலை நேரே உடைக்க முடியாதென உணர்ந்தோர் அதனைச் சுற்றிச் செல்ல முற்பட்டனர். கிறெக்கோவின் காலத்து இத்தாலியத் தொடக்கம் 2010களில் மீண்டும் முதலிடத்துக்கு வந்தது. கிறெக்கோ அதிலே விரைவான தாக்குதலை நாடினார். இக்காலத்தவரோ மந்திரியை அதே கட்டத்தில் நிறுத்திக்கொண்டு, காலாட்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்திப் போரை ஒத்திப்போடுகின்றனர். பழைய இந்திய மரபின் நிதானம் ஐரோப்பியத் தொடக்கமொன்றிலே புகுந்துகொண்டதுபோல் இது தோன்றுகின்றது.

ஸ்பானியத் தொடக்கத்தினுள்ளும் இதே போக்கு நிகழ்ந்தது. 1918இல் நியூயோர்க்கிலே பிராங் மார்ஷல், கப்பபிளாங்காவுக்கு எதிராக ஒரு காலாளைப் பலியிட்டுத் தொடங்கிய தாக்குதல் அன்று தோல்வியுற்றது. ஆயினும் கணினி ஆய்வின் பின்னர் அது கறுப்பாளருக்குச் சமநிலை தரும் உறுதியான முறையாக மதிக்கப்படுகின்றது. எனவே வெள்ளையாளர் பெரும்பாலும் அதற்கு இடங்கொடாத பக்கவழிகளையே தேர்கின்றனர். தாக்குதல் தற்காப்பாக மாறியமை இதனால் விளங்கும்.

2018இல் இலண்டனிலே கார்ல்சனும் கருவானாவும் ஆடிய பன்னிரண்டு ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன. அப்போட்டியிற் கார்ல்சன் சிசிலியத் தடுப்பின் ஸ்வெஷ்னிக்கோவ் கிளையைக் கையாண்டார். கறுப்பாளர் தம் நடுப்பலகையில் நிலையான ஓட்டை ஒன்றை விரும்பி ஏற்கும் அக்கிளை, ஒருகாலத்தில் நேர்மையான ஆட்டக்காரர் தொடத்தகாதது எனக் கருதப்பட்டது. கணினியோ அவ்வோட்டையைக் காட்டிலும் கறுப்புக் காய்களின் உயிர்ப்புக்கு மதிப்புக் கொடுத்தது.

2017 திசெம்பரில் ஆல்பாசீரோ என்னும் செயலி உலகுக்கு அறிமுகமாயிற்று. மனிதர் ஆடிய எந்த ஆட்டமும் அதற்கு வழங்கப்படவில்லை. விதிகள் மாத்திரமே வழங்கப்பட்டன. தன்னோடு தானே ஆடிக் கற்ற அது, ஸ்ரொக்பிஷ் என்னும் வலிமைமிக்க கணினிச் செயலியுடன் நூறு ஆட்டங்கள் ஆடி, இருபத்தெட்டில் வென்று எழுபத்திரண்டில் சமநிலை கண்டது, ஒன்றிலும் தோற்கவில்லை. 2020இல் ஸ்ரொக்பிஷ்ஷும் நரம்பியல் வலையமைப்பைத் தன்னுட் கொண்டது. அச்செயலி எவரும் இலவசமாகப் பெறத்தக்கது என்பதே வரலாற்று நோக்கில் முதன்மையானதாகும். ஒரு தலைமுறைக்கு முன்னர் மொஸ்கோவிலும் பெல்கிரேட்டிலும் தேங்கியிருந்த அறிவைக் காட்டிலும் மேலானதொன்றை, நல்லூரில் உள்ள ஒரு பாடசாலை மாணவன் தன் கைப்பேசியிலேயே இன்று வைத்திருக்கலாம்.

சிங்கப்பூர் 2024

இந்நிலையில் இருவேறு கருத்துகள் எழுந்துள்ளன. தொடக்கமுறைகள் யாவும் ஆய்ந்து முடிக்கப்பட்டுவிட்டன. மனப்பாடம் ஆட்டத்தை விழுங்கிவிட்டது. ஆதலாற் காய்களின் தொடக்க நிலையையே மாற்றியமைக்க வேண்டும் என்பார் ஒருசாரார். பிஷர் 1996இல் இத்தகைய முறையொன்றை அறிவித்தார். 2019இல் அதற்கு அதிகாரபூர்வமான உலகப் போட்டியும் நடைபெற்றது. இக்கருத்திலே உண்மையில்லாமலில்லை. ஆயினும் 2024இல் சிங்கப்பூரில் நிகழ்ந்தவை மறுபுறத்தையும் சிந்திக்கத் தூண்டுகின்றன.

சென்னையைச் சேர்ந்த குகேஷ், சீனாவின் டிங் லிரெனுக்கு எதிரான முதலாவது ஆட்டத்தை அரசன்காலாளுடன் தொடங்கினார். டிங் பிரெஞ்சுத் தடுப்பால் மறுமொழி கூறினார். குகேஷ் அரசன் பக்கத்துக் காலாட்களைத் துணிந்து முன்னேற்றித் தாக்க முயன்று நாற்பத்திரண்டு நகர்வுகளில் தோற்றார். ஐந்தாவது ஆட்டத்திலும் பதின்மூன்றாவதிலும் மீண்டும் அரசன்காலாளை நகர்த்தினார், மீண்டும் பிரெஞ்சுத் தடுப்பே எதிர்ப்பட்டது, இரண்டும் சமநிலையாயின. அரசன்காலாள் அவருக்கு ஒரு வெற்றியையும் ஈட்டித்தரவில்லை. பட்டம் தீர்மானிக்கப்பட்டது திசெம்பர் 12ஆம் நாள் நடைபெற்ற பதினான்காவது ஆட்டத்திலாகும். கறுப்புக் காய்களுடன் ஆடிய குகேஷ், சமநிலையாகவே முடியும் என யாவரும் எண்ணிய ஒரு முடிவாட்டத்தை விடாது நெருக்கினார். டிங் கோட்டையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். 7½ - 6½ என வென்ற குகேஷ், பதினெட்டு வயதில் உலக சாம்பியனானார்.

இதிலிருந்து பெறப்படுவது யாது? இரு திறத்தாரிடமும் ஒரே செயலி இருக்கும்போது, முன்னாயத்தத்தால் மாத்திரம் வெற்றியைப் பறித்தல் அரிதாகின்றது. கஸ்பரோவ் 1995இல் பெற்றதுபோன்ற வெற்றிக்கு இடம் சுருங்கிவிட்டது. தொடக்கமுறையின் நோக்கமே மாறியுள்ளது. எதிரியை வீழ்த்தும் நகர்வைத் தேடுவது பழைய நோக்கம். எதிரி தானாகவே சிந்தித்தாகவேண்டிய நிலைக்கு அவனை அழைத்துச் செல்வது புதிய நோக்கம். இத்தாலியத்தின் நிதானமும், அரிய பக்கவழிகளின் பெருக்கமும் இதனையே காட்டுகின்றன. கணினி அழித்தது சிந்தனையை அன்று. இரகசியத்தின் பயனால் வந்த மேலாண்மையையே எனல் பொருந்தும்.

முடிவுரை

அரசன்காலாளின் வரலாறு அறிவின் இடப்பெயர்ச்சி வரலாறுமாகும். மதகுருவின் நூலிலும் புரவலரின் கையெழுத்துப் பிரதியிலும் இருந்தது கழகங்களுக்கும் களஞ்சியங்களுக்கும் பரவி, இன்று எல்லோர் கைக்கும் எட்டியுள்ளது. ஆயினும் எட்டிய அறிவு தானே ஆற்றலாகிவிடுவதில்லை. தமிழ்நாட்டிலிருந்து மாத்திரம் முப்பதுக்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் உருவாகியுள்ளனர். இலங்கையிலிருந்து 2024ஆம் ஆண்டின் முடிவுவரை ஒருவரேனும் உருவாகவில்லை. இரு கரைகளுக்கும் செயலி ஒன்றே, செலவும் ஒன்றே. வேறுபாடு 1972இல் சென்னையில் இடப்பட்ட வித்திலே உள்ளது: கூடிப் பயிலும் ஓர் இடம், தோல்வியை இருந்து ஆராயும் மூத்தோர், தொடர்ச்சியான போட்டிகள், அரைநூற்றாண்டு அறுபடாத மரபு.

நூல்கள் எரிந்த மண்ணுக்கு அறிவு மீண்டும் இலவசமாக வந்து சேர்ந்திருக்கின்றது. அதனைக் கூடியிருந்து கற்கும் அவைகளை அமைத்தலோ எந்தச் செயலியாலும் ஆகாதது. பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் பல்கலைக்கழக மன்றங்களும் செய்யவேண்டிய முதல் நகர்வு அதுவேயாகும்.